பேராயர் சாப்பிட்ட காடு

காட்டை அழித்தவர்கள் உலகத்தில் பலர். கோடரியால் அழித்தவர்கள் உண்டு, நெருப்பால் அழித்தவர்கள் உண்டு, ஷெல்லால் அழிந்ததை நானே நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு காட்டைத் தோலுரித்து, அவித்து, உப்பும் மிளகும் தொட்டுத் தின்று அழித்தவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். அதையும் தனியாகச் செய்யவில்லை. ஒரு பேராயரையும் ஒரு போதகரையும் ஒரு முழுச் சபையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன்.

என் பெயர் ஞானசீலன். ஞானம் என்று கூப்பிடுவார்கள். (பெயர் வைத்தவர்களில் பிழையில்லை. பிறந்த அன்று பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.) படித்தது எட்டாம் வகுப்பு வரை, ஐந்து பள்ளிக்கூடங்களில். அதில் இரண்டு மரத்தடி. ஒன்றில் நான் சேர்ந்த மூன்றாம் நாள் பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்துவிட்டது, நானும் அதன் பின்னால் நடந்தேன். அப்படி நடக்கத் தொடங்கிய கால் பிறகு நிற்கவேயில்லை. மன்னாரில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், நீர்கொழும்பில் பாண் பேக்கரியில் மா குழைத்தேன், லொறிகளில் கிளீனராகப் போனேன். ஓர் இடத்தில் நாலு மாதத்துக்கு மேல் இருந்தால் உள்ளங்கால் கடிக்கத் தொடங்கிவிடும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் கொடிகாமம் சந்தையில் லொறிக்கு வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது மழை வந்தது. ஒரு கடை விறாந்தையில் ஏறி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தார் ரோட்டில் மழை விழும்போது எழும்புகிற அந்தப் புகையைப் பார்த்தால் எனக்கு நேரம் தெரியாது. நினைவு வந்து திரும்பிப் பார்த்தபோது லொறி இல்லை. சரி, இனித் தெற்குப் பக்கம் போய்ப் பார்ப்போம் என்று நடந்தேன். நடந்து நடந்து கடல்நீரேரிக் கரையில் ஒரு சின்னத் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தேன். சுவர் அந்தக் காலத்து மிசனரிமார் கட்டியது. கூரை எங்கள் காலத்துத் தகரம். உள்ளே ஆராதனை முடிந்து சனம் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார் போதகர். யார், எந்த ஊர், எந்தச் சபை என்று ஒன்றும் கேட்கவில்லை.

"இல்லை ஐயா."

"அப்ப இரும்."

இருந்தேன். சபை மண்டபத்துக்குப் பின்னால், உடைந்த ஆர்மோனியமும் பழைய மர வாங்குகளும் போட்டிருந்த அறையை எனக்குத் தந்தார்கள். மணி அடிப்பது, வளவு கூட்டுவது, இரவில் கதவு பூட்டுவது என் வேலை.

போதகருக்கு மூன்று சபைகளும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் இருந்தன. தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனுசன். வெறும் நிலத்தைப் பார்த்தால் அதில் மரத்தைக் காண்பார். எதிரே வருகிற மாட்டைக் காணமாட்டார். தேவாலயத்துக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில் இருபது பரப்புக் காணி, ஒன்றேகால் ஏக்கர், வெறுமையாகக் கிடந்தது. ஒரு காலத்தில் பனை நெருங்கி நின்ற கூடலாம். பாதியைச் சண்டைக் காலத்தில் பங்கர் குழிகளை மூடவென்று தறித்துக்கொண்டு போனார்கள், மிச்சத்தின் தலையை ஷெல் கொண்டுபோனது. இப்போது அந்த வெளியால் கடற்காற்று தாராளமாக உள்ளே வந்தது. மண்ணில் உப்புப் பூத்திருந்தது. தேவாலயக் கிணற்றுத் தண்ணீர் வருசத்துக்கு வருசம் உவர்த்துக்கொண்டு வந்தது.

"மறிக்க ஒருத்தரும் இல்லை, அதுதான் உப்புக்காத்து உள்ளுக்கு வருகுது," என்றார் போதகர் ஒருநாள் மாலை. "பனை நிண்டால் மறிக்கும். இந்த மண் முடிஞ்சுபோச்சு எண்டு எங்கடை சனம் நினைக்குது. ஆண்டவர் இன்னும் அப்பிடிச் சொல்லேல்லை."

"பனை எப்ப ஐயா வளர்ந்து வாறது?"

"நீரும் நானும் அதிலை நுங்கு குடிக்கமாட்டம்."

"அப்ப ஏன் ஐயா?"

"நல்லதுதானே. நுங்குக்கு ஆசைப்பட்டு நட்டவை எண்டு ஒருத்தரும் எங்களைச் சொல்லேலாது."

புரட்டாதிக் கடைசி ஞாயிறு, ஒவ்வொரு வீட்டாரும் பனங்கொட்டை கொண்டுவந்தார்கள். யாருக்காக மன்றாடுகிறார்களோ ஒரு கொட்டை அவருக்கு. செத்துப்போனவர்களுக்கு, கனடாவில் இருப்பவர்களுக்கு, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கு. எல்லாம் ஓலைக் கடகங்களில் நிரம்பிப் பீடத்துக்கு முன்னால் இருந்தது. முந்நூற்று நாற்பத்தெட்டுக் கொட்டை. தேவாலயம் முழுக்கப் பனம்பழ வாசம். கொட்டைக்கு வந்த ஈக்கள் பிரசங்கத்துக்கும் இருந்தன. போதகர் ஒவ்வொரு கடகத்திலும் கையை வைத்து ஜெபித்தார். தை மாதம் பேராயர் வந்து நட்ட நிலத்தை ஆசீர்வதிப்பார் என்று அறிவித்தார். நடுகிற பொறுப்பு ஞானத்துக்கு என்றும் அறிவித்தார். சனம் திரும்பி என்னைப் பார்த்தது. (வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொறுப்போடு என் பெயர் சேர்ந்து கேட்டது. எனக்கே அது வேறு யாரோ போல இருந்தது.)

ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு ரூபி வந்தாள். ரூபி மாதர் சங்கச் செயலாளர். தையல் மெசினோடு தனியாக ஒரு வீட்டில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது குறைவு. வாய் மட்டும் நாலு வயது கூட. கடகத்திலிருந்து தன் கொட்டை ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"உம்மைத்தானே தாட்டச் சொன்னது?"

"ஓம்."

"இது அப்பாவின்ரை காணியிலை மிஞ்சின ஒரு பனையின்ரை கொட்டை. என்ரை தம்பிக்காக. சண்டையின்ரை கடைசி மாதங்களிலை துலைஞ்சவன்." காய்ச்சிய கம்பியால் கொட்டையின் தும்பில் ஒரு சின்னச் சிலுவை சுட்டிருந்தாள். "இருக்கிறானோ இல்லையோ தெரியாது. அதுதான் சிலுவை போட்டனான். எதுக்கெண்டாலும் பொருந்தும்."

நான் அதை வாங்கிக் கடகத்தில் மற்றக் கொட்டைகளுக்குள் திரும்பப் போட்டேன்.

"கவனமாத் தாட்டும், ஞானம்."

"ஒண்டுக்கும் பயப்பிடாதையும்," என்றேன். வாழ்நாளில் எதையும் கவனமாக வைத்திருக்காதவர்கள்தான் இந்த வசனத்தை இவ்வளவு இலகுவாகச் சொல்வார்கள்.

அடுத்த நாள் இரும்பு அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். போதகர் சொன்ன கணக்கு, ஒரு கொட்டைக்கு ஒரு குழி, முழ ஆழம், இரண்டு குழிக்கும் நடுவில் பன்னிரண்டு அடி. கடகத்தில் கையை விட்டு வந்ததை எடுத்துத் தாட்டுக்கொண்டு போனேன். மண்ணுக்குக் கீழே ஒரு சாண் போனால் கல். அலவாங்கு விழுகிற ஒவ்வொரு முறையும் பல்லு கூசியது. நாற்பத்தொரு குழி முடிந்தபோது உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தது. கரையில் நின்ற பூவரசுக்குக் கீழே, ஒரு நிமிடம், முதுகை நிமிர்த்தலாம் என்று சாய்ந்தேன்.

கடல்நீரேரியில் தண்ணீர் அசையவில்லை. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கவே கொக்கு நீண்டு நீண்டு பனையாகியது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். மேலே ஓலைகள் உரசுகிற சத்தம், பாட்டு நம்பர் சொன்னவுடன் சபை முழுக்கப் புத்தகம் புரட்டுமே, அந்தச் சத்தம். நிழல் குளிர்ச்சியாகக் கழுத்தில் விழுந்தது. எனக்கு முன்னால் ஒருவர் நடந்துபோனார். முகம் தெரியவில்லை, மண் ஒட்டிய குதிகால் மட்டும் தெரிந்தது. திரும்பாமலே கேட்டார்: "ஞானம், எல்லாம் தாட்டாச்சோ?"

"ஓம் ஐயா," என்றேன்.

கண் விழித்தால் எதிரே போதகர் நிற்கிறார். கேள்வி கேட்டது அவர்தான். ஆனால் பதிலை என் வாய் சொல்லி முடித்துவிட்டது.

"நல்லது, நல்லது," என்றார் போதகர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெறும் நிலத்தை ஒரு நிமிடம் ஆசையாகப் பார்த்தார். பூவரசுக்குப் பின்னால் முந்நூறு கொட்டை கடகத்தோடு இருந்தது. அவர் அதைக் காணவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறி மற்றச் சபைக்குப் போய்விட்டார்.

பொய் சொல்லிவிட்டால் அதை இருட்டுவதற்குள் உண்மையாக்கிவிட வேண்டும் என்பது என் கொள்கை. மழையும் இருண்டுகொண்டு வந்தது. ஆகவே எங்கள் பகுதியில் பனங்கொட்டையைக் கையில் எடுத்த எவனும் யோசிக்காமல் செய்கிறதைச் செய்தேன். மண்டபத்துக்குப் பின்னால் மண்ணை உயர்த்தி இரண்டு பாத்தி போட்டு, மிச்ச முந்நூற்றேழையும் நெருக்கி அடுக்கி மூடினேன். கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் தாட்டுவது என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்தேன். (என் வாக்கை நம்பிய ஒரே ஆள் நான்தான். அதனால் அதிகம் ஏமாந்ததும் நான்தான்.)

கார்த்திகை பிறந்தது. உள்ளங்காலும் கடித்தது. "ரெண்டு நாளிலை வாறன் ஐயா" என்று சொல்லிவிட்டு வவுனியாவுக்கு ஒரு லொறியில் போனேன். அந்த இரண்டு நாள் தையில்தான் முடிந்தது. கிறிஸ்மசை வழியில் பழுதாகி நின்ற லொறிக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கிக் கொண்டாடினேன். திரும்பி வந்தபோது போதகர், "வந்திட்டீரோ, நல்லது," என்றார். அவ்வளவுதான். பேராயர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு விடியவே மண்டபத்துக்குப் பின்னால் ரூபியின் சத்தம் கேட்டது. பேக்கரியில் சொல்லிவைத்த பணிஸ் வரவில்லை. பேக்கரி வான் பழுதாகி வழியில் நின்றுவிட்டதாம்.

"பேராயருக்குத் தேத்தண்ணியோடை என்னத்தைக் குடுக்கிறது? வெறும் தண்ணியோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தவள், பாத்தியைக் கண்டு நின்றாள். மூன்று மாத மழை குடித்த பாத்தி. மேல்மண் பிளந்து, அடியில் பனங்கிழங்கு பருத்திருக்கிறது என்று தானே சொல்லிக்கொண்டிருந்தது.

"உந்தப் பாத்தி ஆரின்ரை?"

"என்ரை," என்றேன்.

அதை நான் விளக்கியாக வேண்டும். என்னை யாரும் அதுவரை "இது ஆரின்ரை" என்று கேட்டதில்லை. கேட்டாலும் என்ரை என்று சொல்ல என்னிடம் ஒரு பையும் இடுப்பில் ஒரு சாரமும்தான் இருந்தன. அந்தக் காலைக் குளிரில், ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால், நான் ஒரு காணிக்காரனாக நின்றேன். இதில் மூளைக்கு எங்கே இடம்? காடு என்றால் அந்தப் பக்கம் குழியில் இருப்பது. பாத்தி என்றால் கிழங்கு. பிறந்ததிலிருந்து என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கிண்டலாமோ?" என்றாள்.

"இப்ப கிண்டாட்டி முத்திப்போகும்," என்றேன், பரம்பரை பரம்பரையாகப் பாத்தி போட்டவன் மாதிரி.

கிண்டினேன். அலவாங்கை விட்டு நெம்பும்போது மண் பொதுக்கென்று விடும். வெள்ளையாக, நீளமாக, கொட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிழங்கு வரும். கொட்டையை வெட்டி எறிந்தோம். அது வேலிக்கரையில் குவிந்தது. சிலதைப் பிளந்து உள்ளே இருந்த பூரான் என்கிற வெள்ளைப் பருப்பை எடுத்து வாயில் போட்டேன். ரூபி தோலுரித்து, அடுப்பில் வைத்த பெரிய கிடாரத்தில் அடுக்கினாள். கன நாளைக்குப் பிறகு அவள் சிரித்துக்கொண்டு வேலை செய்ததைக் கண்டதாக மாதர் சங்கத்தில் ஒருவர் பிறகு சொன்னார். முதல் அவியலில் நான் மட்டும் ஏழு கிழங்கு தின்றேன்.

மணி அடித்துவிட்டுக் கடைசி வாங்கில் போய் இருந்தேன். பேராயர் முன்னால் இருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். சலரோகம் என்பதால் இனிப்புப் பணிஸ் தொடமாட்டார், கிழங்கென்றால் நல்லது என்று மாதர் சங்கத்துக்கு மகிழ்ச்சி. யன்னலால் காற்று வந்தது. காற்றோடு அவிகிற கிழங்கின் வாசமும் வந்தது. வயிறு நிறைந்திருந்தது. கண் மெல்லச் சொக்கியது. போதகரின் குரல் எங்கோ தூரத்தில், நீருக்கடியிலிருந்து போலக் கேட்டது.

"...இந்த நேரம், இந்தச் சுவருக்குப் பின்னாலை, முந்நூற்று நாப்பத்தெட்டு விதை மண்ணுக்குள்ளை இருக்குது. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. செத்துப்போச்சு எண்டு நாங்கள் நினைப்பம். ஆனால் அது இருட்டுக்குள்ளை வேலை செய்துகொண்டிருக்குது..."

முந்நூற்று நாற்பத்தெட்டு.

அந்த எண் மெதுவாக என் தலைக்குள் இறங்கியது. குழி நாற்பத்தொன்று. மிச்சம் எங்கே? மிச்சம்... என் கை தானாகவே வயிற்றைத் தொட்டது.

பெண்கள் பக்கத்தில் ரூபி இருந்தாள். அவளைப் பார்த்துக் கையை ஆட்டினேன். கிடாரம் இருந்த பக்கத்தைக் காட்டினேன், நிலத்தைக் காட்டினேன், வயிற்றைக் காட்டினேன். அவள் முகத்தைச் சுளித்து, 'பொறும், ஆராதனை முடியத்தான் தேத்தண்ணி' என்று சைகை காட்டினாள்.

ஆராதனை முடிந்தது. பேராயர் கிழங்கை முறித்து, நடு நரம்பை நீக்கி, மிளகுத் தூளில் தொட்டுக் கடித்தார். கண்ணை மூடினார். "இப்பிடி ஒரு கிழங்கு நான் திண்டு எத்தனை வருசம்," என்றார். "எங்கத்தை மண்?"

"எங்கடை கோயில் வளவுதான் ஐயா!" என்றார் போதகர் பெருமையாக. அவர் கையில் நாலாவது இருந்தது.

"ஐயா, ஒரு சின்ன விசயம்," என்றேன் போதகரின் கையைத் தொட்டு.

"பிறகு கதைப்பம், ஞானம். முதல் காட்டைக் காட்டுவம்."

சனம் பாட்டுப் பாடிக்கொண்டு புறப்பட்டது. பேராயர் முன்னால், கையில் பாதிக் கிழங்கோடு. மண்டபத்தைச் சுற்றித் திரும்பியதும் பாட்டு முன்வரிசையில் நின்றது, பிறகு நடுவில் நின்றது, கடைசியில் வந்த இரண்டு வயதானவர்கள் மட்டும் அடுத்த அடியையும் பாடி முடித்தார்கள். பன்றி உழுதது மாதிரி இரண்டு பாத்தி. வேலிக்கரையில் கொட்டைக் குவியல். அதற்கு அப்பால் நாற்பத்தொரு குழியின் அடையாளம், பிறகு கடல்நீரேரி வரை அலவாங்கே படாத வெறும் நிலம்.

பேராயர் இடமும் வலமும் பார்த்தார். "எங்கை காடு?" என்றார்.

போதகர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா," என்றேன், "இப்பதான் சாப்பிட்டனீங்கள்."

பேராயர் தன் கையிலிருந்த பாதிக் கிழங்கைக் குனிந்து பார்த்தார். அதை எறியவும் முடியாது, தின்னவும் முடியாது. கன நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எல்லாத்தையுமோ?"

"கிடாரத்திலை இன்னும் கொஞ்சம் இருக்குது ஐயா."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணை. சைவப்பழம், ஆனால் எங்கள் பிரசங்கம் ஒன்றையும் வேலியால் கேட்காமல் விடமாட்டார். "உங்கடை வேதத்திலை ஒரு பழம் திண்டதுக்கே தோட்டத்தாலை வெளியிலை விட்டவர் எல்லே?" என்றார். "நீங்கள் தோட்டத்தையே திண்டுபோட்டியள்!"

அதோடு சபையும் உடைந்தது. சிரித்தார்கள். போதகர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினன், இவன் அதை அவிச்சுப்போட்டான்," என்றார். நானும் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் ரூபியைக் கண்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"என்ரை கொட்டையை எதுக்குள்ளை தாட்டனீர்?" என்றாள். "குழிக்குள்ளையோ, பாத்திக்குள்ளையோ?"

எனக்குத் தெரியாது. கடகத்தில் கையை விட்டேன், வந்ததை எடுத்தேன். அன்றைக்கு நான் சிலுவையைத் தேடவில்லை. அதைச் சொன்னேன். நாற்பத்தொரு குழிக் கணக்கையும் சொன்னேன்.

அவள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையோடு வேலிக்கரைக்குப் போய் மண்ணில் குந்தி, குவியலிலிருந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள். சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. பேராயர் கிழங்கைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்தார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு போதகர். பிறகு எல்லாரும். கந்தையா அண்ணையும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து குந்தினார். கொட்டை கொட்டையில் தட்டுகிற சத்தம் மட்டும். வெயில் ஏறியது. கடல்நீரேரியில் வெளிச்சம் செதில் செதிலாக ஆடியது. எத்தனையோ இடப்பெயர்வில் எத்தனையோ பேர் எதையோ தேடுவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பேர் சேர்ந்து ஒருத்தியின் ஒரு கொட்டையைத் தேடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைத் தொலைத்தவன் நான்.

குவியல் முடிந்தது. சிலுவை போட்ட கொட்டை அதில் இல்லை.

"ஒண்டு ரெண்டை நாய் தூக்கியிருக்கும்," என்றார் கந்தையா அண்ணை மெதுவாக.

"இல்லாட்டில் உந்தக் குழியளிலை ஒண்டிலை இருக்கும்," என்றார் போதகர்.

"நாப்பத்தொண்டுதானே, கிண்டிப் பாப்பம்," என்று யாரோ அலவாங்கை எடுத்தார்கள்.

"தொடாதேங்கோ!" ரூபி எழும்பினாள். "கிண்டினால் வேர் அறுந்துபோம். பிறகு எது எண்டு தெரிஞ்சு என்ன?" முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "தெரியாட்டிலும் பரவாயில்லை. எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துவம்."

ஆசீர்வாதம் செய்ய வந்த பேராயர் பெரிய ஜெபம் ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மடித்து, கிழங்கிருந்த பைக்குள்ளேயே வைத்தார். வெறும் நிலத்தைப் பார்த்து இரண்டு வசனம் சொன்னார்: "ஆண்டவரே, தெரியாமல் திண்டிட்டம். மிச்சத்தை நீர் பாரும்."

"ஆமென்," என்றது சபை. அவ்வளவு சத்தமான ஆமென் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலை நான் பையைக் கட்டினேன். வெட்கம் வந்தால் ஊரை விடுவது எனக்குப் பழகிய மருந்து. பத்து மணிக்குக் கொடிகாமத்தில் லொறி. படலையைத் திறந்தால் ரூபி சைக்கிளோடு நிற்கிறாள், இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான். கந்தையா அண்ணையின் நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளியது.

"போறீரோ?"

"ஓம்... இல்லை... ஓம்."

"போறதெண்டால் போம். முதல் இதை ஊத்திப்போட்டுப் போம்."

நாற்பத்தொரு குழி. ஒரு குழிக்கு ஒரு செம்பு. மண் குடிக்கும்வரை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வழிந்துபோகும். முடியும்போது மத்தியானம். லொறி போய்விட்டது. அடுத்த நாளும் படலையில் சைக்கிள் நின்றது, அடுத்த நாளும் லொறி போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அந்த லொறியை நான் இன்னும் பிடிக்கவில்லை.

மாசி போனது. பங்குனி வெயிலில் நிலம் வெடித்தது. குழிகளில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனைப் பார்த்துப் போகிற வருகிற சனம் சைக்கிளை நிறுத்திச் சிரித்தது. சில நாள் எனக்கே, நான் கனவில் ஊற்றுகிறேனோ என்று இருக்கும். வைகாசியில் ஒரு விடியல் ஏழாவது குழியில் ஒரு பச்சை நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரல் உயரம். நான் ரூபி வீட்டுக்கு ஓடினேன். செருப்பில்லாமல் ஓடியதைத் திரும்பி வரும்போதுதான் உணர்ந்தேன். அவள் வந்து குந்தி, அதைத் தொடாமல் பார்த்தாள்.

"இதுவோ?" என்றேன்.

"இருக்கும்," என்றாள்.

அடுத்த கிழமை பன்னிரண்டாவது குழியிலும் வந்தது. "இதுவோ?" "இருக்கும்." எல்லாமாக முப்பத்தாறு வந்தன. முப்பத்தாறுக்கும் அவள் அதையேதான் சொன்னாள்.

அந்தப் புரட்டாதி சபை மறுபடியும் கொட்டை கொண்டுவந்தது. இந்த முறை அவரவர் குழியை அவரவரே தோண்டினார்கள். (ஒருவரும் என்னை நம்பவில்லை. கொட்டை எண்ணும்போதுகூட என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.) பேராயர் ஒரு சாக்குக் கொட்டையோடு வந்து, தன் குழியைத் தானே தோண்டினார். அவருக்குத் தேநீரோடு பணிஸ் கொடுக்கவும் பயம், கிழங்கு கொடுக்கவும் பயம். கடைசியில் வாழைப்பழம் கொடுத்தார்கள். வாங்கும்போது, "இது ஆர் நட்ட காடு?" என்று கேட்டுத்தான் உரித்தார். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறாராம், எந்த ஊருக்குப் போனாலும்.

மூன்றாம் வருசம் ஒரு பின்னேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ரூபி கேட்டாள்: "ஞானம், உமக்கு இப்ப உள்ளங்கால் கடிக்கிறேல்லையோ?" யோசித்துப் பார்த்தேன். எப்போது நின்றதென்று தெரியவில்லை. போதகர்தான் எங்களுக்குக் கலியாணம் செய்துவைத்தார். "இந்த மனுசனை நம்பி ஒரு கொட்டையைக் குடுத்தனீர், இப்ப உம்மையே குடுக்கிறீர், யோசிச்சீரோ?" என்று பீடத்துக்கு முன்னாலேயே கேட்டார். ரூபி ஓம் என்றாள். ஆனால் உடனே சொல்லவில்லை.

இப்போது வடலிகள் என் தலைக்கு மேலே ஓலை விரித்து நிற்கின்றன. கிணறு இன்னும் உவர்தான். ஆனால் போதகர் பிடிவாதமாக, போன வருசத்தைவிட ஒரு சிட்டிகை குறைவு என்கிறார், வருசா வருசம். பின்னேரக் காற்று முன்னைப் போல நேராக வருவதில்லை. ஓலையில் முட்டி, உரசி, யோசித்து வருகிறது. அந்த நேரம் நடுவில் நின்றால், புத்தகம் புரட்டுகிற அந்தச் சத்தம் கேட்கும். மண் ஒட்டிய குதிகாலையும் சில நாள் தேடுவேன். பார்த்தால் அது என்னுடையதாக இருக்கும்.

முப்பத்தாறில் எதனடியிலோ அந்தச் சிலுவை இருக்கிறது. அல்லது நாய் தூக்கிக்கொண்டுபோய்விட்டது. ரூபி ஒன்றையும் விடாமல் இன்றும் எல்லாவற்றையும் ஒருதரம் தொட்டுக்கொண்டு வருவாள். இந்த வருசம்தான் முதன்முறையாக, குருத்தோலை ஞாயிறுக்கு இங்கிருந்து குருத்து வெட்டச் சம்மதித்தாள். அதுவும் மரத்துக்கு ஒன்று, எந்த மரத்துக்கும் வஞ்சகம் இல்லாமல்.

நான் எந்த வேலைக்கென்றாலும் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், வேலிக்கு அப்பாலிருந்து கந்தையா அண்ணையின் குரல் வரும்: "என்ன ஞானம், பசிக்குதோ?"

வீட்டில் இன்னும் மோசம். தை பிறந்து, சந்தையில் வாங்கிய கிழங்கு அவிந்து மேசைக்கு வந்தால், எங்கள் மகள் கையைக் கூப்பிக் கண்ணை மூடுவாள். மற்றச் சாப்பாட்டுக்கெல்லாம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஜெபம். கிழங்குக்கு மட்டும் எங்கள் வீட்டு ஜெபம்.

"ஆண்டவரே, தெரியாமல் திண்டிட்டம். மிச்சத்தை நீர் பாரும்."

ரூபி ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பாள். நான் ஆமென் சொல்லும்வரை கிழங்குத் தட்டு என் பக்கம் வராது.